பேஸைக் குறைத்த கல்யாணம்

எங்கள் இசைக்குழு கல்யாணங்களில் வாசிக்கும். நான் வாசிப்பது பேஸ் கித்தார், பாட்டுக்கு அடியில் ஓடும் தாழ்ந்த ஒலி. வார நாட்களில் ஸ்ரீ கெம்பாங்கானில் லோரி ஓட்டுகிறேன். வார இறுதியில் மேடையில், டிரம்ஸுக்குப் பின்னால், ஆம்ப்ளிஃபையரை ஒட்டி நிற்பேன். யார் கண்ணிலும் படாத அந்த இடம் எனக்குப் பிடிக்கும்.

கண்ணில் படாதது போகட்டும், காதிலும் விழவில்லை என்பதுதான் என் மனைவியின் புகார். "பாடுறவங்க தெரியுது, கீபோர்டு தெரியுது. நீங்க என்னாதான் வாசிக்கிறீங்க?" என்று கேட்பாள். வீட்டில் தனியாக வாசித்துக் காட்டினால், "இது பாட்டு மாதிரியே இல்லியே" என்பாள். எல்லாரோடும் சேர்ந்து வாசிக்கும்போது ஒரு முறையாவது அவள் என் வாசிப்பைக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

அவளுடைய அண்ணன் மகளுக்குக் கிள்ளானில் கல்யாணம். மத்தியான விருந்துக்கு நாங்கள்தான் வாசித்தோம். விருந்தாளிகள் வருவதற்கு முன்பே போய், ஆம்ப்ளிஃபையரில் தாழ்ந்த ஒலியைக் கூட்டும் பேஸ் திருகை வழக்கத்தைவிட அதிகமாக வைத்தேன். பக்கத்தில் நின்ற எனக்கு வயிறே அதிர்ந்தது. இன்றைக்கு அவளுக்குக் கேட்காமல் போகாது என்று நினைத்தேன்.

மண்டபம் நிறைந்தது. முதல் பாட்டு முடிந்ததும் மச்சான் மேடையோரம் வந்தார். பெண்ணைப் பெற்றவர், நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"என்னா மச்சான், அந்தக் கித்தாருல கரண்டு வருதா? இல்ல போட்டோவுக்குப் புடிச்சிட்டு நிக்கிறியா?"

பக்கத்து மேசைகளில் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. எழுந்து மேடைக்கு வந்தாள்.

"சத்தம் வருதுங்க. ஆனா லோரி இன்ஜின் மாதிரி ஒரே உறுமலா இருக்கு."

தாழ்ந்த ஒலி ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்தில் ஒரு மாதிரி, தள்ளிப் போனால் வேறு மாதிரி கேட்கும். அத்தனை பேருக்கு நடுவில் போய் நின்று கேட்க எனக்குக் கூச்சம்.

"நீ நடுவுல போயி நில்லு. வாசிச்சிக்கிட்டே திருகுறேன். சரியா வந்தா தலையாட்டு," என்றேன்.

பிரியாணித் தட்டுகள் போய்க்கொண்டிருந்த வழியில், பட்டுச்சேலையோடு போய் நின்றாள். இரண்டாவது பாட்டில் பேஸை இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நகரவில்லை.

மனமில்லாமல்தான் பேஸைப் பாதிக்கும் கீழே இறக்கினேன். எனக்குச் சத்தம் மெலிந்து, விரலில் பலமே இல்லாதது போல் இருந்தது. பிறகு சுரங்களைத் தெளிவாக்கும் நடு ஒலிக்கான மிட் திருகை மெல்ல ஏற்றினேன். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். தலையாட்டினாள்.

மேசைக்குத் திரும்பியவள் அண்ணனின் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். அவரும் காது கொடுத்துக் கேட்டார். பாட்டு முடிந்ததும் அங்கிருந்தே கத்தினார்:

"மச்சான், கரண்டு வந்துருச்சு லா!"

மூன்றாவது பாட்டில் அவள் விரல்கள் மேசைமேல் தாளம் போட்டன. எல்லாரும் பாடகிக்குத்தான் தாளம் போடுவார்கள், இவளும் அப்படித்தான் என்று முதலில் நினைத்தேன். அந்தப் பாட்டில் ஓரிடத்தில் பாடகி பாடிக்கொண்டே போவாள், நான் மட்டும் சற்று நிறுத்துவேன். நிறுத்தினேன். என் மனைவியின் விரல்களும் மேசைக்கு மேலே அப்படியே நின்றன. நான் மறுபடி கம்பியைத் தட்டியபோதுதான் இறங்கின.

பாட்டு முடியும்வரை நான் கம்பிகளைக் குனிந்து பார்க்கவில்லை, அவள் விரல்களையே பார்த்து வாசித்தேன்.