மூன்றாவது ஆள்

நுவரெலியா ஏரிக்கரையோரமாக அவசரமில்லாமல் சைக்கிள் மிதித்துப் புகைப்படக் கண்காட்சிக்குப் போனேன். வாசலிலேயே ஒரு பெரிய படம். மூன்று பெண்கள் தோளில் கைபோட்டுச் சிரிக்கிறார்கள். அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

எழுபதுகளில், அத்தை ஒரேயடியாக இந்தியாவுக்குப் போகுமுன் எல்லோரும் சேர்ந்து படமெடுக்க ஹட்டன் ஸ்டூடியோவுக்குப் போனோம். அப்பாவுக்குத் தேயிலைத் தோட்டத்தில் லீவு கிடைக்கவில்லை. அம்மா, அத்தை, நான். விளக்குச் சூட்டில் பவுடரும் ஈரக் கம்பளியும் மணந்தன. நிற்கும்போதுதான் அத்தை எண்ணிப் பார்த்தாள்.

“மூணு பேரா நின்னா ஆகாது அண்ணி. புள்ளைய வச்சுக்கிட்டு நீங்க நில்லுங்க.”

“ஒனக்காகத்தானே வந்தோம்!”

“அங்க போயி ஒண்ணு எடுத்து அனுப்புறேன்.”

மூவராக நின்றால் ஒருவர் பிரிந்துவிடுவார் என்று எந்தப் பாவி சொன்னானோ! அடுத்த வாரம் ரயிலேறப் போகிறவள் பிரிவுக்குப் பயந்தாள். என் கம்பளியை வாங்கிக்கொண்டு விளக்குக்குப் பின்னால் போய் நின்றாள்.

அங்கிருந்து படம் வரவேயில்லை. அவள் முகம் இப்போது எனக்குச் சரியாக நினைவில்லை.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு திரும்பினேன். அந்த ஸ்டூடியோ படம் சுவரில் இருக்கிறது. அம்மா நேராகப் பார்க்கிறாள். நான் மட்டும் விளக்கின் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.