துடைக்காத ஸ்பேசர்

பக்கெட் மோல்டிங்கில் கோளாறு வந்தால் தண்ணீர் ஒழுகும். ஸ்பேசர் மோல்டிங்கில் கோளாறு வந்தால் யாருக்கோ மூச்சு முட்டும். கும்மிடிப்பூண்டியில் இரண்டையும் செய்தவன் நான். ஸ்பேசர் என்றால் இன்ஹேலரைச் செருகி மருந்தை இழுக்கிற பிளாஸ்டிக் டப்பா என்று, மெஷின் சூட்டில் என்கூடவே வெந்த பழைய கூட்டாளிகளான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பளபளப்பு

பேக்கிங்கில் இருந்த ஸ்டெல்லா ஒவ்வொரு ஸ்பேசரையும் உள்ளும் புறமும் பனியன் துணியால் தேய்த்து, கண்ணாடியாக்கித்தான் பையில் போடுவாள். உலர்ந்த துணியால் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் மின்சாரம் ஏறும். அவள் மேஜைப் பக்கம் போனாலே என் தலையில் மிச்சமிருந்த பதினோரு முடியும் எழுந்து நிற்கும். பறந்துகொண்டிருந்த கொசு ஒன்று டப்பாவில் போய் ஒட்டியதை என் கண்ணால் பார்த்தேன், நம்பினால் நம்புங்கள்.

கொசுவுக்கே அந்த கதி என்றால் மருந்துக்கு? லேபில் மருந்தை டப்பாவுக்குள் அடித்துப் பார்த்தோம். நெஞ்சுக்குப் போக வேண்டியது டப்பாச் சுவரில் வெள்ளையாய்ப் படிந்திருந்தது. "இனிமே துடைக்காதே. சோப்புத் தண்ணியில முக்கி, அப்படியே காயவை" என்றேன். ஸ்டெல்லாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "இன்னா நைனா இது? எங்க ஊட்ல அவருக்குக் கூட டெய்லி துடைச்சுதான் குடுக்கிறேன்!"

ஜெபம்

அந்த 'அவர்', அவள் கணவர் தாஸ். இரும்பு உருக்குகிற ஆலையில் நெஞ்சைக் கொடுத்துவிட்டு வந்தவர். அந்த மழைக்காலத்தில் ஏற்கெனவே இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. மருந்தே வேஸ்ட் என்று நிறுத்திவிடப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை கவரைப்பேட்டையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். "என் எதிர்ல ஒருவாட்டி இழுப்பா" என்றேன். ஸ்டெல்லா துடைக்காமல் காயவைத்திருந்த டப்பாவுக்குள் தாஸ் மருந்தை அடித்தார். கண்ணை மூடினார். ஜெபம் பண்ணினார். அது முடிவதற்குள் சோழவரம் ஏரியை ஒரு சுற்று சுற்றி வந்துவிடலாம். அப்புறம்தான் டப்பாவை வாயில் வைத்தார். அதற்குள் மருந்து அடியில் இறங்கிப் படுத்துவிட்டது. "ஜெபத்தை முன்னாடியே முடிச்சிடு. டப்பாவை வாயில வச்சிக்கினு அடி, உடனே மெதுவா இழு" என்றேன். மனிதர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப இத்தினி நாளா மருந்து எனுக்கு வரலியா நைனா? டப்பாவுக்கா ஜெபம் பண்ணிக்கினு இருந்தேன்?"

புள்ளி

சோப்பில் முக்கிக் காயவைத்த டப்பாக்களில் திட்டுத் திட்டாய்ப் புள்ளி விழுந்தது. மொத்தமாக வாங்குகிறவர் பெட்டியைத் திறந்துவிட்டு, ஏற்கெனவே யாரோ வாய் வைத்து ஊதிவிட்டுக் கொடுத்த மாதிரி இருக்கிறதே என்றார். மருந்து ஒட்டாமலிருக்க வெளிநாட்டுப் பூச்சு என்று அளந்தேன். பாதி உண்மைதான், ஒட்டாது, ஆனால் அது உள்ளூர் சோப்பு. ஆள் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்டின்னா அதை அட்டையில பெருசா போடு நைனா!"

மூச்சு

வெந்த நெஞ்சு பழையபடி ஆகாது. தாஸுக்கும் ஆகவில்லை. ஆனால் மூன்றாவது முறை ஆஸ்பத்திரிக்குப் போகாமலே மழை முடிந்தது. "எப்படிம்மா இருக்கான்?" என்று கேட்டேன். ஸ்டெல்லா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த டப்பாவைச் சோப்புத் தண்ணீரில் முக்கினாள். பிறகு சொன்னாள்: "முன்னெல்லாம் என்னைத் திட்ட ஆரம்பிச்சா பாதியில மூச்சு வாங்கும். நேத்து முழுசா திட்டி முடிச்சாரு நைனா."

இத்தனை வருஷம் பிளாஸ்டிக்கோடு மாரடித்து நான் செய்த ஒரே உருப்படியான காரியம், சுத்தமாக வேலை செய்துகொண்டிருந்த ஒருத்தியிடம் அதைச் செய்யாதே என்று சொன்னதுதான்.