சின்னத் தோட்டாக் கடை

மோகனசுந்தரத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. முதலமடையில் எட்டு ஏக்கர் மாந்தோப்பு, இந்து என்று பொறுமைசாலியான ஒரு மனைவி, நானூற்றுப்பத்து என்கிற சின்னக் குழல் துப்பாக்கி ஒன்று. இவற்றில் அவன் தினமும் கவனித்தது துப்பாக்கியை மட்டும்தான்.

பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட எங்கள் பஞ்சாயத்தில் லைசென்ஸ் உள்ளவர்கள் பதினொரு பேர் இருக்கிறோம். உத்தரவு வந்தால் போவோம், சுடுவோம், மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைப்போம். கறியை யாரும் தொடக் கூடாது. பத்துப் பேரிடம் இருப்பது பன்னிரண்டு போர் என்கிற பெரிய குழல் துப்பாக்கி. மோகனசுந்தரத்திடம் மட்டும் அந்த விரல் தடிமன் குழாய். ஆனால் ஏளனம் செய்வது அவன்தான்.

"பன்னெண்டு போரெல்லாம் குறி தெரியாதவனுக்கு, மாப்ள. மூட்டைய அவுத்துக் கொட்டற மாதிரி. எதுலயாவது பட்டுத்தானே ஆகோணும்?"

அவன் குறி நல்ல குறிதான், ஒத்துக்கொள்கிறேன். மரத்தில் கட்டித் தொங்கவிட்ட தேங்காய்ச் சிரட்டையைத் தப்பாமல் உடைப்பான். சிரட்டை திரும்பி முட்ட வராது என்பதை மட்டும் மறந்துவிடுவான்.

அவனுக்கு இருந்த ஒரே குறை தோட்டா. லைசென்ஸில் வருடத்துக்கு இத்தனைதான் என்று இருக்கும். அந்தச் சின்னத் தோட்டாவோ பாலக்காட்டில் கிடைக்கவே கிடைக்காது. உள்ளதைச் சிரட்டையில் தீர்த்துவிட்டு, மீதி வருடம் முழுக்க மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிவான்.

அப்படித் திரிந்தவன் ஒருநாள் தோட்டாக் கடை வைக்கப் போவதாகச் சொன்னான். மூன்று வருடம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினான். முதலுக்காகத் தோப்பை மாங்காய் வியாபாரி நவ்ஷாத்திடம் பணம் வாங்கிக்கொண்டு ஒத்திக்கு விட்டான். கடை ஓடினால்தான் தோப்பு திரும்பும் என்பது இந்துவுக்குத் தெரியும்.

கடை திறந்தது. அலமாரி முழுக்க நானூற்றுப்பத்து. அதுவும் கௌதாரி, புறா சுடுவதற்கான பொடி ரவைத் தோட்டா. பறவையைச் சுட்டால் ஜெயில் என்று சட்டம் வந்து ஐம்பது வருடம் ஆகிறது. பன்னிரண்டு போர் தோட்டா கேட்டுப் போனேன்.

"அதெல்லாம் வரும். மொதல்ல இதக் கையில வாங்கிப் பாரு."

வாங்கிப் பார்த்துவிட்டு, கோயம்புத்தூருக்குப் போய் வேண்டியதை வாங்கினேன். மற்ற ஒன்பது பேரும் அதையேதான் செய்தார்கள்.

இந்தப் பருவத்தில் நவ்ஷாத் பஞ்சாயத்துக்குப் புகார் கொடுத்தார். பன்றி சொட்டுநீர்க் குழாயைக் கிழிக்கிறது, உதிர்ந்த மாங்காயைத் தின்கிறது. உத்தரவு வந்ததும் மோகனசுந்தரம் எங்களிடம் சவால் விட்டான். "நான் ஒருத்தனே பன்னியச் சுட்டு எறக்கறேன். உளுந்துச்சுன்னா பத்துப் பேரும் என்ற கடைக்கு வரோணும்."

சரி என்றோம். எங்களுக்கு அது வேடிக்கை. தோப்பு மோட்டார் ரூம் வாசலில் நின்ற இந்துவுக்கு அப்படி இல்லை, முந்தானையைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

பொழுது சாயும்போது பன்றி வந்தது. சேற்றில் புரண்டு, காய்ந்த மண் உடம்பெல்லாம் கவசமாக ஒட்டியிருந்தது. அவன் சுட்டான். பொடி ரவை தோளில்தான் பட்டது, குறி ஒரு விரற்கடை பிசகவில்லை. பன்றி தலையைத் தூக்கி உடம்பை உதறியது. பிறகு மாங்காயைக் கடித்தது. மறுபடி சுட்டதும் நேராக அவனை நோக்கி ஓடி வந்தது. நான் சுட்டு வீழ்த்தினேன்.

பன்றியைக் குழிக்கு இழுக்கும்போது இந்து என்னிடம் கேட்டாள். "ஏனுங்க, இந்தத் தோட்டா எங்கீங்க வாங்குனீங்க?"

"கோயமுத்தூர்லீங்க."

"நம்ம கடையில இது இல்லீங்களா?" என்று அவனைக் கேட்டாள்.

"இதெல்லாம் ஒரு வேட்டையா, இந்து? இதுக்குப் போயி நான் கடை வெக்கோணுமா?"

அவள் குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள்.

"அப்ப நீங்க விக்கறதுக்குக் கடை வெக்கலீங்க. உங்களுக்குத் தோட்டா தீந்துறக் கூடாதுன்னு தோப்பக் குடுத்திருக்கறீங்க."

அதுவரை வாய்க்குள் சிரித்துக்கொண்டிருந்த எனக்கே சிரிப்பு நின்றுபோயிற்று. மோகனசுந்தரம் மண்ணெண்ணெய்க் கேனைத் தூக்கிக்கொண்டு குழிப் பக்கம் போனான்.