ஜெபமலர் அக்காவின் ரிசல்ட் நாள்

சென்ற மாதம் காலமான ஜெபமலர் அக்கா, கரமனையில் பிரௌசிங் சென்டர் நடத்தியவர். அவரை நினைத்தால் 2003-ஆம் ஆண்டின் பத்தாம் வகுப்பு ரிசல்ட் நாள்தான் முன்னால் வருகிறது.

அன்று ஓட்டல் மாஸ்டர் இசக்கிப்பாண்டி மகளின் முடிவைப் பார்க்க வந்தார். சுமி தோற்றால் படிப்பை நிறுத்தித் தையல் கடைக்கு அனுப்புவது என்று வீட்டில் பேசியிருந்தார்கள். மெதுவான இணையத்தில் பள்ளிப் பட்டியல் திரையில் வரிவரியாக இறங்கியது. சுமியின் பெயரை ஒட்டித் ‘தோல்வி’ என்று வந்ததும் அவர் எழுந்துவிட்டார். அக்கா தடுத்தார்.

“அண்ணாச்சி, இரியும். எழுத்துதான் முதல்ல வரும். எது எங்க நிக்கணும்னு சொல்லுற ஃபைல் பிறகுதான் வரும். அதுவரை பந்தியில முந்தி வந்த கூட்டம் மாதிரி, கண்ட இடத்துல இரிக்கும்.”

“அப்ப அந்தத் தோல்வி யாருக்குள்ளது?”

“அதும் இப்பத் தெரியாது.”

ஒரு நிமிடத்தில் வரிகள் நகர்ந்து கட்டங்களுக்குள் அமர்ந்தன. சுமிக்கு நேராகத் ‘தேர்ச்சி’ என்று இருந்தது.

இசக்கிப்பாண்டி கண்ணைத் துடைத்த தோள்துண்டாலேயே பட்டியல் பாதி மட்டுமே இறங்கியிருந்த பக்கத்துக் கம்ப்யூட்டரின் திரையை மூடினார். அங்கே காத்திருந்தவரிடம், “முழுசா வரட்டும் ஓய், பெறவு பாரும்” என்றார். அக்கா சிரித்துக்கொண்டே துண்டை அப்படியே விட்டுவிட்டார்.