நன்றிப் பட்டியலில் ஒன்பதாவது பெயர்

2024 ஓகஸ்ட் 6ஆம் திகதி முற்பகல் பத்தேகாலுக்கு, பரந்தன் சந்தியில் லாபிரின் போட்டோக்கொப்பிக் கடையில், அச்சாகி வந்த ஆய்வுக் கட்டுரையின் பதினேழு தாள்களில் கஜேந்தினி தன் பெயரைத் தேடினாள். கடைசித் தாளில், புதிய கோளின் அடையாளத்தை முதலில் கண்டு சொன்ன தன்னார்வலர்களுக்கு நன்றி என்ற வரியின் கீழே பதின்மூன்று பெயர்கள் இருந்தன. ஒன்பதாவது: கே. நல்லதம்பி.

லாபிர் நானா எட்டிப் பார்த்தார்.

“தங்கச்சி, இது அப்பாட பேரெல்லோ?”

“இல்லை நானா, அது நான்.”

“நீங்களோ? பசளை லிஸ்டில இந்தப் பேரை எத்தினை தரம் அடிச்சிருப்பன்! வயலுக்க நிண்ட மனுசன் வானத்திலயும் வரம்பு கட்டிட்டார் எண்டு சொல்லுங்கோ.”

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்று மறுத்து இன்னும் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று பிறகு பலமுறை நினைத்தாள்.

அவள் பள்ளிக்கூடப் பதிவேட்டில் ந. கஜேந்தினி. அடையாள அட்டையில் நல்லதம்பி கஜேந்தினி. தகப்பன் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். அவர்களுடைய ஊரான குடியேற்றத் திட்டத்தில் எல்லாருக்கும் அப்படித்தான். 2020 மே 11ஆம் திகதி, ஊரடங்குக் காலத்தில், கைபேசியில், கோள் தேடத் தன்னார்வலர்களைச் சேர்க்கும் இணையத்தளம் ஒன்றின் படிவத்தை நிரப்பியபோது முதற் கட்டம் சொந்தப் பெயரைக் கேட்டது, இரண்டாவது கட்டம் குடும்பப் பெயரைக் கேட்டது. குடும்பப் பெயர் என்று ஒன்று அவளிடம் இல்லை. வெறுமையாக விட்டால் படிவம் போகாது. தகப்பன் பெயரைப் போட்டாள். வெளிநாட்டுக் கட்டுரைகளில் குடும்பப் பெயரை முழுதாக அச்சிட்டுச் சொந்தப் பெயரை ஓர் எழுத்தாகக் குறுக்குவார்கள் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் அவளுடைய முதலெழுத்தும் கே. தகப்பனோ கந்தையா நல்லதம்பி. காணி அனுமதிப் பத்திரத்திலும் வாய்க்கால் தண்ணீர்ப் பதிவிலும் கே. நல்லதம்பி என்றே ஐம்பது வருடமாகக் கையெழுத்து வைத்து வருகிறவர்.

வேலை இதுதான். வானத்துக்கு அனுப்பப்பட்ட தொலைகாட்டி ஒன்று, பூமியின் காற்றும் முகிலும் பகல் வெளிச்சமும் மறிக்காத இடத்தில் நின்று, ஒரே நட்சத்திரங்களை வாரக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு கோள் தன் நட்சத்திரத்தின் முன்னால் கடந்தால் அந்த ஒளி ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு குறைந்து மீளும். அதை வரைபில் பார்த்தால் புள்ளிகளின் வரிசையில் ஒரு சிறு பள்ளம். அடிக்கடி வரும் பள்ளங்களைக் கணினி பிடித்துவிடும்; எப்போதாவது ஒருமுறை வருவதை மனிதக் கண்தான் பிடிக்க வேண்டும். கஜேந்தினி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, சிக்னல் கிடைக்கிற கிணற்றுக்கட்டில் இருந்து, நாளொன்றுக்கு நாற்பது வரைபுகள் பார்ப்பாள். எண்ணிக்கையைத் தடித்த அட்டைச் சீ.ஆர். கொப்பியில் எழுதுவாள். 2022 யூலை 27, பிற்பகல் 2.40க்கு அந்தப் புதிய கோளின் பள்ளத்தைக் குறித்தபோது அது அவளுடைய 31,806ஆவது வரைபு.

படிப்பு அவளுக்கு இல்லாமல் போனதற்கும் திகதி உண்டு. 2010 ஓகஸ்டில், யுத்தம் முடிந்து அகதி முகாமிலிருந்து திரும்பி ஏழு மாதத்தில், தறப்பாள் கொட்டிலில் படித்து உயர்தரப் பரீட்சை எழுதினாள். பௌதிக விஞ்ஞானத்துக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்தது. பதிவுக் கடிதம் 2011 ஒக்டோபர் 19 வந்தது. முடிவுத் திகதி நவம்பர் 4. தாய் மீனம்மா ஒரு பக்கம் இழுத்துப் படுக்கையில் கிடந்தா. நல்லதம்பி மறுக்கவில்லை. “நாளைக்குப் பாப்பம் பிள்ளை” என்று பதினாறு நாளும் சொன்னார். அதற்குப் பிறகு ஏழு வருடம் நாலு மாதம், தாய் கண்மூடும் வரை, கஜேந்தினி வீட்டை விட்டு நகரவில்லை.

லாபிர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பஸ் தரிப்பிடத்தில் நல்லதம்பியைக் கண்டு, கோள் கண்டுபிடித்தவர் என்று சனத்துக்கு முன்னால் கையைப் பிடித்துக் குலுக்கினார், அவ்வளவுதான். முதல் நாள் நல்லதம்பி விளங்காமல் சிரித்தார். இரண்டாம் நாள் “ஏதோ எங்களால ஏலுமானது” என்றார். ஓகஸ்ட் 25ஆம் திகதி கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பெண்கள் வரிசையில் இருந்த கஜேந்தினியும் கை தட்டினாள். தட்டாமல் இருந்தால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

செப்டம்பர் 17 வவுனியாவில் அவளுக்கு நேர்முகம். கல்வி நிறுவனம் ஒன்று வானியல் கூடம் திறக்க இருந்தது; உதவியாளர் பதவிக்குப் பட்டம், அல்லது வெளியான ஆய்வில் பங்களிப்பு வேண்டும். பட்டம் இல்லாதவளுக்கு அந்தப் பதினேழு தாள்கள்தான் சான்று. நேர்முகக் குழுவின் நடுவில் இருந்த பெண்மணி மூன்று கேள்வி கேட்டா. மூன்றுக்கும் கஜேந்தினி கொப்பியைத் திறக்காமலே பதில் சொன்னாள்.

“நல்லாச் சொல்லுறீர். ஆனால் பேர் உம்மட பேர் இல்லையே, பிள்ளை.”

ஆய்வாளர்கள் அனுப்பிய மின்னஞ்சலைக் காட்டினாள். அச்சானதை மாற்ற முடியாது, இனிமேல் சரியாகப் போடுவோம் என்று எழுதியிருந்தார்கள்.

“இதிலயும் கே. நல்லதம்பி எண்டுதானே கிடக்கு. ஊரில அப்பாவுக்குப் பொன்னாடை போட்ட படத்தை நாங்களும் பேஸ்புக்கில பாத்தனாங்கள். அந்த நல்லதம்பி நான் இல்லை எண்டு அப்பா ஒரு சத்தியக்கடதாசி முடிச்சுத் தரட்டும். ஒக்டோபர் 4, பின்னேரம் நாலு மணிக்குள்ள.”

அன்று பின்னேரமே தகப்பனிடம் கேட்டாள். கதிரையில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து இருந்தார்.

“நான் ஆருக்கும் பொய் சொன்னனானே? சனம் சொல்லிச்சுது, கேட்டுக்கொண்டு இருந்தனான்.”

“இல்லையெண்டும் சொல்லேல்லையே அப்பா.”

“நீதானே என்ர பேரைப் போட்டனி. நான் தந்த பேர் அங்க போனா உனக்கென்ன குறைஞ்சு போச்சு?”

“வேலை.”

“இப்ப போய் நான் இல்லையெண்டு கையெழுத்து வைச்சா, பொன்னாடை போட்டவன் என்னைக் கள்ளனெண்டெல்லோ சொல்லுவான்? விண்வெளி வாரமெண்டு ஏழாந்திகதி பள்ளிக்கூடத்தில பேசக் கூப்பிட்டிருக்கினம். அது முடியட்டும். எட்டாந்திகதி போவம்.”

“நாலாந்திகதி முடியுது அப்பா.”

“நாலு நாளில என்ன வரப்போகுது? பாப்பம் பிள்ளை.”

மூன்றாம் திகதி சத்தியக்கடதாசியை எழுதுவித்துக் கொண்டுவந்து பேனையுடன் மேசையில் வைத்தாள். வயலுக்குப் போய்விட்டு வந்தவர் அதன்மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார். நாலாம் திகதி நாலு மணி அடித்தபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் எழுப்பவில்லை. பதினாறாம் திகதி அந்த வேலை வேறொருவருக்குக் கிடைத்தது.

அதற்கு முன்னால், ஏழாந்திகதி காலை, நல்லதம்பி வேட்டி சால்வையுடன் குசினி வாசலில் வந்து நின்றார்.

“பிள்ளை, அந்தக் கோள் எவ்வளவு தூரத்தில கிடக்கு? அதை முதல்ல சொன்னா நல்லாயிருக்கும்.”

நானூற்றுப் பன்னிரண்டு ஒளியாண்டு என்று அவளுக்கு நித்திரையிலும் தெரியும். பானையைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தாள்.

“பேப்பரில கிடக்கு. உங்கட பேர் போட்ட பேப்பர்தானே, வாசியுங்கோ.”

அது ஆங்கிலத்தில் இருந்தது. அவர் ஐந்தாம் வகுப்புவரை தமிழில் படித்தவர். தாள்களை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

கஜேந்தினி அன்று கிணற்றுக்கட்டுக்குப் போகவில்லை. கொப்பியில் திகதி எழுதி, எண்ணிக்கைக்குரிய இடத்தை வெறுமையாக விட்டாள்.

நல்லதம்பி ஒன்றரை மணிக்கு இன்னொரு பொன்னாடையோடு திரும்பி வந்தார். அந்தக் காலத்தில் காடு வெட்டிக் கழனியாக்கிய கதையைத்தான் சொன்னாராம். பிள்ளைகள் நன்றாகக் கை தட்டினார்களாம். சோற்றுக் கோப்பையை இழுத்துக்கொண்டு,

“ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்கேல்லை,” என்றார். “நல்ல பிள்ளையள்.”