அக்காவோடு கதைக்க ஒரு பொத்தான்

பாரிஸில் ரூ காய் என்ற தெருவில் உள்ள ஒரு சேலைக்கடையில் அஜந்தா வேலை செய்கிறாள். வயது ஐம்பதை நெருங்குகிறது. நாள் முழுக்கக் கூறைச் சேலைகளைப் பிரித்துக் காட்டி மடித்து வைத்துவிட்டு வீடு திரும்பினால், முதலில் தேத்தண்ணி வைப்பாள். அடுத்து, துவக்கோடு ஒரு தீவில் குதிப்பாள்.

தீவு இருப்பது தொலைக்காட்சியில். மகள் லியோன் நகருக்குப் படிக்கப் போனபோது தன் ஜப்பான் கேம் கொன்சோலை விட்டுவிட்டுப் போயிருந்தாள். டொரொண்டோவில் இருக்கும் அஜந்தாவின் அக்கா கௌரி வீட்டிலும் அதே கொன்சோல். விளையாட்டு என்னவோ அமெரிக்கர்கள் செய்தது. நூறு பேர் தீவில் இறங்கி ஒருவரையொருவர் சுடவேண்டும், மிஞ்சுகிற அணி வெல்லும். அக்காவும் தங்கையும் ஏதாவதொரு வெறும் வீட்டுக்குள் ஒளிந்திருந்து குடும்பக் கதை பேசுவார்கள். யாராவது கதவைத் திறந்தால்தான் சுடுவார்கள்.

ஒரேயொரு இடைஞ்சல். அந்தக் கொன்சோலில் பேச வழியில்லை. கைபேசியை ஸ்பீக்கரில் போட்டுச் சீனிப் போத்தலில் சாய்த்து வைக்கவேண்டும். அது சறுக்கி விழும், இணைப்பு அறும், அந்த நேரம் பார்த்து யாரோ கௌரியைச் சுட்டுவிடுவான். ஒருநாள் பொறுமை போய், அஜந்தா கொன்சோல் கம்பெனியின் பாரிஸ் அலுவலகத்துக்கே போன் எடுத்தாள்.

"மதாம், உங்கள் மெசினில் எல்லாம் இருக்கிறது, வாய் மட்டும் எங்கே?" என்று பிரெஞ்சில் கேட்டுவிட்டு, கணவர் துஷ்யந்தன் பக்கம் திரும்பினாள். "இஞ்சை, உந்த ரேடியோவைக் கொஞ்சம் குறையுங்கோ!"

மறுமுனையில் சிரிப்புக் கேட்டது. "அக்கா, நீங்க தமிழா? நான் லெத்திசியா. எங்க அப்பா அம்மா பாண்டிச்சேரி."

கம்பெனி அப்போது கவலையில் இருந்தது. பிரான்சிலும் அமெரிக்காவிலும் ஆட்கள் வேறு கம்பெனிகளின் கொன்சோல்களுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். காரணம் அறிய மொரிட்டா என்ற மூத்த பொறியாளர் ஜப்பானிலிருந்து வந்து வீடு வீடாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை அழைத்து வரலாமா என்று லெத்திசியா கேட்டாள்.

"பொடியள் இருக்கிற வீடாப் பாருங்கோவன், பிள்ளை."

"பசங்க வீடெல்லாம் பாத்தாச்சு. இப்ப உங்க வீடுதான் வேணும்."

ஞாயிறு பின்னேரம் இருவரும் வந்தார்கள். சொல்லாமலே வாசலில் சப்பாத்தைக் கழற்றிய மொரிட்டாவை அஜந்தாவுக்கு உடனே பிடித்துப்போயிற்று. மீன் ரோல்ஸைக் கொடுத்து இருத்திவிட்டு ஆட்டத்தைத் தொடங்கினாள்.

"எடி, உன்ரை பெறாமகளுக்குக் கூறை சிவப்போ, மாம்பழ மஞ்சளோ?" என்றாள் கௌரி, போனில். அவள் மகளின் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"மஞ்சள் வேண்டாம் அக்கா, அவளின்ரை நிறத்துக்கு…" திரையில் கதவு திறந்தது. அஜந்தா சுட்டாள். "…சிவப்புத்தான் எடுப்பாயிருக்கும்."

மொரிட்டாவின் கையில் ரோல்ஸ் பாதி வழியில் நின்றது. வெல்ல விருப்பமில்லையா என்று லெத்திசியா மூலம் கேட்டார்.

"வெண்டால் ஆட்டம் முடிஞ்சிடுமே. எங்கடை கதை முடியேல்லையே!"

அவர் ரோல்ஸைக் கீழே வைத்துவிட்டு விளக்கினார். பேச்சு வசதியை வேண்டுமென்றேதான் வைக்கவில்லையாம். முன்பின் தெரியாதவர்கள் சிறுவர்களோடு பேசிவிடுவார்கள் என்ற பயம். கொன்சோலைச் செய்தவர்கள் மனதில் இருந்தது, ரயிலில் தனியே சத்தமில்லாமல் விளையாடுகிற ஆள்.

"தெரியாத ஆக்களுக்குப் பூட்டுப் போடுங்கோ, நல்லது. என்ரை அக்காவுக்கும் ஏன் பூட்டு?"

லெத்திசியா அதை மொழிபெயர்த்ததும் மொரிட்டா தலையாட்டினார். பிறகு, தானும் ஒருமுறை ஆடலாமா என்று கையை நீட்டினார். குதித்தார். இறங்கிய கையோடு சுடப்பட்டார்.

"உது ஆரடி, வந்து விழுந்தவுடனை செத்தது?"

"உந்தக் கொன்சோலைச் செய்தவராம், அக்கா."

கௌரியின் சிரிப்பில் கைபேசியே அதிர்ந்து சறுக்கி விழுந்தது. மொழி புரியாமலே மொரிட்டாவும் சிரித்தார். இன்னுமொரு முறை ஆடக் கேட்டார்.

அடுத்த வசந்தத்தில், புது வசதியைப் பரீட்சித்துப் பார்க்க அஜந்தாவைக் கம்பெனி அலுவலகத்துக்கு அழைத்தார்கள். நாம் சேர்த்துக்கொண்டவர்களோடு மட்டும் பேச ஒரு பொத்தான். ஹெட்போனைக் காதில் மாட்டி, பொத்தானை அமத்தினாள். கௌரி பக்கத்துக் கதிரையில் இருந்து மூச்சு விடுவதுபோல் கேட்டது. அஜந்தா ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு பொத்திக்கொண்டாள்.

"என்னடி, வேலை செய்யேல்லையோ?"

"ஓம் அக்கா… செய்யுது."

குறை ஏதும் உண்டா என்று லெத்திசியா கேட்டாள்.

"நாலு பேர்தான் சேரலாமாம். இஞ்சை பக்கத்திலை, சார்செலில மட்டும் எனக்கு அஞ்சு மச்சாள்மார்."

எல்லோரும் சிரித்தார்கள். அஜந்தா பகிடிக்குச் சொல்லவில்லை. வசதி எல்லோருக்கும் வந்தபோது எட்டுப் பேர் வரை சேர முடிந்தது.

இப்போது ஞாயிறுகளில் மச்சாள்மாரும் ஆட்டத்துக்கு வருகிறார்கள். துஷ்யந்தன் முதல் ஆளாகச் செத்துவிட்டு, கதை கேட்டுக்கொண்டிருப்பார். போன மாதம் இவர்கள் அணி முதல்முறையாக வென்றது. கௌரி மகளின் கல்யாண மண்டபத்தில் கார் விட இடம் போதுமா என்ற வாக்குவாதத்தில், அதை ஒருவரும் கவனிக்கவில்லை.