அப்பாவின் தீவுப் பாட்டு

விடுமுறைக்கு வந்திருந்த என் மகள் மாடியில் குட்டி கிட்டார் போன்ற யுகுலேலேயை வாசித்துக்கொண்டிருந்தாள். கடற்காற்றில் துள்ளுவது போன்ற அந்தத் தீவுப் பாட்டை நான் முதலில் கேட்டது அப்பாவிடம்.

பட்டுச் சேலை விற்க அந்தமான் போன அப்பா, சொன்னதைவிட ஒரு மாதம் தாமதமாகத் திரும்பினார். கையில் ஒரு யுகுலேலே. தறியை விட்டு எழுந்ததும், நூலுக்குப் போடும் பாவுக் கஞ்சி வாடை போகாத விரல்களால் இந்தப் பாட்டையே கண்மூடி வாசிப்பார்.

அம்மாவுக்கு அந்தக் கண்மூடல்தான் பிடிக்கவில்லை.

"யாரு கத்துக்குடுத்தது?"

"ஃப்ரெண்டும்மா."

"ஆம்பளையா, பொம்பளையா?"

அப்பா சிரித்து மழுப்புவார். அவர் சட்டைகளை அம்மா முகர்ந்து பார்த்த பிறகே துவைத்தாள். அவர் முணுமுணுக்கும் வரிகளில் பெண் பெயர் வருகிறதா என்று நானும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.

ஒருநாள் போர்ட் பிளேரிலிருந்து ஒரு பெரியவர் வீடு தேடி வந்தார். "உடம்பு இப்ப தேவலையா?" என்று அப்பாவைக் கேட்டார். அங்கே ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கையில் இருந்தவராம். காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்த அப்பா தேறியதும், பொழுது போக அவர்தான் வாசிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்.

அவர் போனதும் அம்மா உடைந்து அழுதாள். "சாகக் கெடந்துட்டு வந்து, இத்தினி நாளா சிரிச்சிக்கினு இருந்தீங்களே!"

"நீ பயந்துடுவேன்னுதான்மா."

அதன் பிறகு வெளியூரிலிருந்து அப்பா "நல்லா இருக்கேன்" என்று சொன்னால் அம்மா நம்பியதே இல்லை.

நான் மாடியேறி மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

"ஹாஸ்டல்ல நல்லாத்தான இருக்க?"

"சூப்பரா இருக்கேன்மா."

கீழே வந்து அவளுடைய அறைத்தோழிக்குப் போன் போட்டேன்.